கொலஸ்ட்ரால் ஏறிய எலிகளும் வே புரதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வே புரோட்டீன் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது, எலிகளில் நிரூபணம்" என்று ஒரு செய்தி வாட்ஸாப்பில் வந்துகொண்டே இருக்கிறது. ஜிம்முக்குப் போகும் மகனின் டப்பாவிலிருந்து அப்பாவும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். வீட்டு நாய்க்குக் கொழுப்பு ஏறியிருக்கிறது, கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். இந்தச் செய்தி கட்டுக்கதை இல்லை. 30 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆராய்ச்சி இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் "குறைந்தது" என்று படித்தவுடனே "எதைவிட?" என்று கேட்கவேண்டும். அதை யாரும் கேட்பதில்லை. கீழே உள்ள பதில்களில் பாதி அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும்.

வே புரதம் என்பது பாலில் எந்தப் பகுதி?

பாலைத் திரித்தால் கட்டியாகத் திரள்வது கேசின். மிஞ்சும் இளமஞ்சள் நீரில் கரைந்து நிற்கும் புரதங்கள்தான் வே புரதம். பசும்பாலின் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசின், 20 சதவீதம் வே. வேயிலும் பாதி அளவுக்குப் பீட்டா-லாக்டோகுளோபுலின் என்ற ஒரே புரதம். அடுத்த இடம் ஆல்ஃபா-லாக்டால்புமினுக்கு. லாக்டோஃபெரின், இம்யூனோகுளோபுலின் போன்றவை கொஞ்சம் கொஞ்சம். கொலஸ்ட்ரால் கதையின் நாயகன் பீட்டா-லாக்டோகுளோபுலின். தாய்ப்பாலில் இது இல்லை என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

கடையில் விற்கும் பொடிகள் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண வே பவுடரில் புரதம் 11 முதல் 13 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் பால் சர்க்கரையான லாக்டோஸ். கான்சன்ட்ரேட் என்று விற்பதில் புரதம் 80 சதவீதம் வரை போகும், ஐசொலேட்டில் 90 சதவீதத்துக்கும் மேல். எந்தப் பொடியைக் கொடுத்தார்கள் என்று பார்க்காமல் எந்த ஆய்வையும் நம்பிவிடக் கூடாது. லாக்டோஸ் மிகுந்த பொடியைக் கொடுத்துவிட்டு அதைப் புரதத்தின் பலன் என்று சொல்ல முடியாது.

எலிகளில் கொலஸ்ட்ரால் உண்மையிலேயே குறைகிறதா?

குறைகிறது. ஜப்பானில் கிஃபு பல்கலைக்கழகத்தின் சதோஷி நகவோகா குழு 1990களின் தொடக்கத்தில், கொலஸ்ட்ரால் கலந்த தீவனம் தின்ற எலிகளுக்கு வே, சோயா, கேசின் ஆகிய புரதங்களைக் கொடுத்து ஒப்பிட்டது. வே தின்ற எலிகளின் ரத்தக் கொலஸ்ட்ரால் கேசின் தின்றவற்றைவிடக் குறைவாக இருந்தது. சோயா தின்றவற்றைவிடவும் குறைவு. அந்தக் காலத்தில் கொழுப்பைக் குறைக்கும் புரதம் என்றால் சோயாதான் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அதனால் இந்த முடிவு கவனத்தை ஈர்த்தது.

1993இல் நெதர்லாந்தில் பெய்னென் குழுவும் எலிகளில் வேயையும் கேசினையும் ஒப்பிட்டு, வே கொடுத்த எலிகளில் கொலஸ்ட்ரால் குறைவதைப் பார்த்தது. தீவனத்தில் புரதத்தின் அளவு கூடியபோதுதான் பலன் நன்றாகத் தெரிந்தது. ரத்தத்தில் மட்டுமல்ல, கல்லீரலில் தேங்கிய கொலஸ்ட்ராலும் குறைந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ரத்தத்தில் குறைந்து கல்லீரலில் ஏறியிருந்தால், சரக்கு இடம் மாறியது என்றுதான் அர்த்தம். இங்கே இரண்டு இடத்திலும் குறைந்திருக்கிறது.

"கேசினைவிடக் குறைவு" என்பதும் "வே குறைக்கிறது" என்பதும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

புரத ஆய்வில் "புரதமே இல்லாத" குழுவை வைக்க முடியாது, எலி மெலிந்துவிடும். ஏதாவது ஒரு புரதம் கொடுத்தே ஆகவேண்டும். ஆய்வகத் தீவனத்தில் வழக்கமாக இருப்பது கேசின். ஆகவே வே பெரும்பாலும் கேசினோடுதான் போட்டி போடுகிறது.

கேசின் இந்த விஷயத்தில் நடுநிலையான ஆள் இல்லை. 1970களில் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் கரோலும் ஹாமில்டனும் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலே இல்லாத தீவனம் கொடுத்தார்கள். புரதம் கேசினாக இருந்தபோது, ஒரு துளி கொலஸ்ட்ரால் உள்ளே போகாமலேயே முயலின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியது. சோயா போன்ற தாவரப் புரதத்துக்கு மாற்றியபோது ஏறவில்லை.

இப்போது யோசியுங்கள். ஒப்பீட்டுக்கு வைத்த புரதமே அளவை ஏற்றக்கூடியது என்றால், அதைவிட வே குறைவாகக் காட்டுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வே நிஜமாகவே குறைக்கலாம். அல்லது வே எதுவும் செய்யாமல் இருக்க, கேசின் மட்டும் ஏற்றியிருக்கலாம். சோயாவையும் சேர்த்து மூன்றாகப் பார்த்ததால்தான் நகவோகாவின் ஆய்வுக்கு மதிப்பு அதிகம். கேசினோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு "மருந்துபோல் வேலை செய்கிறது" என்று எழுதினால் அது அவசரம்.

எலிக்குக் கொலஸ்ட்ராலை எப்படி ஏற்றுகிறார்கள்?

எலிக்கு இயல்பில் கொலஸ்ட்ரால் ஏறுவது கஷ்டம். உணவில் வந்த கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியே தள்ளுவதில் அதன் கல்லீரல் கெட்டிக்காரத்தனம் காட்டும். அதனால் தீவனத்தில் 1 சதவீதம் சுத்தக் கொலஸ்ட்ராலைக் கலப்பது வழக்கம். பல ஆய்வுகளில் கூடவே கோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தையும் சேர்ப்பார்கள். அது கொலஸ்ட்ராலைக் குடலில் நன்றாக உறிஞ்ச வைக்கும், வெளியேறும் வழியையும் அடைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 கிராம் எடையுள்ள எலி ஒரு நாளில் 20 கிராம் தீவனம் தின்கிறது என்று வையுங்கள். 1 சதவீதம் என்றால் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். எடைக்கு எடை 60 கிலோ மனிதருக்கு மாற்றினால் 48 கிராம். ஒரு கோழிமுட்டையில் இருப்பது ஏறத்தாழ 186 மில்லிகிராம். அதாவது தினமும் 250 முட்டைக்கு மேல்! எடைக்கு எடை மாற்றுவது சரியான முறை இல்லை, உடல் பரப்பளவை வைத்துத்தான் மாற்றவேண்டும் என்பார்கள். சரி, அப்படி மாற்றினாலும் 40 முட்டை வருகிறது. யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. இப்படி வலிந்து ஏற்றிய கொலஸ்ட்ராலை வே குறைக்கிறது என்பதும், பரம்பரையாலோ வயதாலோ ஏறிய கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்பதும் வேறு வேறு.

வே எந்த வழியில் குறைக்கிறது?

குடலில்தான் பெரிய வேலை நடக்கிறது என்று தெரிகிறது. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. பித்த உப்புகள் அதைச் சுற்றி நுண்ணிய உருண்டைகளாகக் கட்டிக் கரைத்துவைத்தால்தான் குடல் சுவர் உறிஞ்ச முடியும். பீட்டா-லாக்டோகுளோபுலினை டிரிப்சின் என்ற செரிமான நொதி வெட்டும்போது வரும் துண்டுகள் இந்த உருண்டைகளில் கைவைக்கின்றன. கரைந்து நிற்கும் கொலஸ்ட்ரால் குறைகிறது, உறிஞ்சுவதும் குறைகிறது, மலத்தில் போவது கூடுகிறது.

2001இல் நகவோகா குழு அந்தத் துண்டுகளில் ஒன்றைத் தனியே பிரித்துக் காட்டியது. ஐந்தே அமினோ அமிலங்கள்: ஐசோலூசின், ஐசோலூசின், அலனின், குளூட்டமிக் அமிலம், லைசின். 162 அமினோ அமிலம் நீளமுள்ள புரதத்தில் 71 முதல் 75 வரையான பகுதி அது. லாக்டோஸ்டாடின் என்று பெயர் வைத்தார்கள். எலிகளில் இது, தாவரங்களில் கிடைக்கும் பீட்டா-சைட்டோஸ்டெரால் என்ற கொழுப்புக் குறைப்பானைவிட நன்றாக வேலை செய்தது. ஒரு புரதத்துக்குள் இப்படி ஒரு சின்னத் துண்டு ஒளிந்திருப்பது, அதுவும் செரிமானத்தின்போதுதான் வெளியே வருவது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு.

அப்புறம் அமினோ அமிலக் கலவையின் பங்கும் உண்டு. கேசினைவிட வேயில் சிஸ்டீன் அதிகம். உடல் சிஸ்டீனிலிருந்து டாரின் செய்கிறது. டாரின் பித்த உப்பு செய்யப் பயன்படுகிறது. குளூட்டாதையோன் என்ற, உடல் தானே செய்துகொள்ளும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானுக்கும் சிஸ்டீன்தான் மூலப்பொருள். கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பே குறையலாம் என்றும் சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

எலியில் பலித்தால் மற்ற விலங்குகளிலும் பலிக்குமா?

கட்டாயமில்லை. கொலஸ்ட்ரால் ஆராய்ச்சியின் வரலாறே இதற்குச் சாட்சி.

1913இல் ரஷ்யாவில் நிக்கோலாய் அனிச்கோவ், எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்குக் கொடுத்து ரத்தக் குழாயில் கொழுப்புப் படிய வைத்தார். பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் எலியிலும் நாயிலும் அதே முறையில் செய்தவர்களுக்கு அப்படி வரவில்லை. முயல் வெறும் தழை தின்னும் பிராணி, அதை வைத்து மனிதனுக்கு என்ன சொல்ல முடியும் என்று பல காலம் ஒதுக்கிவைத்தார்கள். 1946இல்தான் ஸ்டைனரும் கெண்டாலும், தைராய்டை அடக்கும் மருந்தைக் கொலஸ்ட்ராலோடு சேர்த்துக் கொடுத்து நாயிலும் அதை வரவைத்தார்கள்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் ஸ்டாடின் மாத்திரைகளின் மூதாதை காம்பாக்டின். ஜப்பானின் சாங்க்யோ நிறுவனத்தில் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து எடுத்தது. அதை எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் குறையவே இல்லை! திட்டம் கிட்டத்தட்டக் கைவிடப்படும் நிலைக்குப் போனது. பிறகு முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தார்கள், பாதியளவு வரை குறைந்தது. நாயிலும் குரங்கிலும் குறைந்தது. எலியை மட்டும் நம்பியிருந்தால் ஸ்டாடினே வந்திருக்காது.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. எலிக்குப் பித்தப்பையே கிடையாது. அதன் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்.டி.எல். துகள்களில் ("நல்ல கொலஸ்ட்ரால்" என்பது இதைத்தான்) பயணிக்கிறது, நமக்கு எல்.டி.எல். துகள்களில் ("கெட்ட கொலஸ்ட்ரால்"). எச்.டி.எல்.லிலிருந்து கொலஸ்ட்ராலை மற்றத் துகள்களுக்கு மாற்றிவிடும் ஒரு புரதம் நம்மிடமும் முயலிடமும் வெள்ளெலி எனப்படும் ஹாம்ஸ்டரிடமும் உண்டு, எலியிடமும் சுண்டெலியிடமும் இல்லை. எனவே எலியில் வந்த முடிவை முயலிலோ வெள்ளெலியிலோ பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் ஏறிய விலங்கிலோ மறுபடி பார்ப்பது அவசியம். கோபே பல்கலைக்கழகத்தில் யோஷியோ வதனபே வளர்த்தெடுத்த முயல் வகை அப்படிப்பட்டது, எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் ஏற்பி அதற்குப் பிறவியிலேயே பழுது. 1992 முதல் மரபணு நீக்கிய சுண்டெலிகளும் கிடைக்கின்றன.

கொழுப்பு உணவு தின்று குண்டான சுண்டெலிகளில்?

சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளியான ஆய்வு ஒன்று. கொழுப்பு மிகுந்த தீவனம் தின்ற சுண்டெலிகளுக்கு, லிட்டருக்கு 100 கிராம் என்ற கணக்கில் வே ஐசொலேட்டைக் குடிநீரிலேயே கலந்து வைத்தார்கள். எடை குறைவாக ஏறியது, கல்லீரல் கொழுப்பும் ரத்தக் கொலஸ்ட்ராலும் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் எடை குறைந்தாலே கொலஸ்ட்ராலும் ஓரளவு இறங்கும். வேயின் நேரடிப் பலன் எவ்வளவு, எடையால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பது சிரமம்.

மனிதர்களில் என்ன தெரிந்திருக்கிறது?

எலியில் கண்ட அளவுக்கு இல்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கர்ட்டின் பல்கலைக்கழகம், அதிக எடை உள்ளவர்களுக்கு 12 வாரம் தினமும் 54 கிராம் வே கொடுத்துப் பார்த்தது. 2010இல் வந்த முடிவில், கேசின் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் குறைவு. (இங்கும் ஒப்பீடு கேசினோடு என்பதைக் கவனியுங்கள், குளுக்கோஸ் எடுத்த குழுவும் இருந்தது.) இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் ரத்த அழுத்தம் சற்றே கூடியவர்களுக்கு 8 வாரம் தினமும் 56 கிராம் கொடுத்தது, 2016இல் வந்த அந்த ஆய்வில் அழுத்தம் மேல் எண்ணில் 3.9, கீழ் எண்ணில் 2.5 அளவுக்கு இறங்கியது. அதே ஆண்டு பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஒரு பகுப்பாய்வில் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு மட்டும் கொஞ்சம், டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் அளவுக்கு, குறைந்திருந்தது. மொத்தக் கொலஸ்ட்ராலிலும் எல்.டி.எல்.லிலும் தெளிவான மாற்றம் இல்லை.

சோயாவுக்கு நடந்ததையும் நினைவில் வைப்பது நல்லது. சோயாப் புரதம் இதயத்துக்கு நல்லது என்று லேபிளில் போட 1999இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. ஆதாரம் போதவில்லை என்று 2017இல் அதைத் திரும்பப் பெற முன்மொழிந்தது.

எலிக்குக் கொடுத்த அளவை நமக்கு மாற்றினால் எவ்வளவு வரும்?

தீவனத்தில் 20 சதவீதம் புரதம் என்றால் 250 கிராம் எலி நாளைக்கு 4 கிராம் தின்கிறது. கிலோவுக்கு 16 கிராம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற 6.2ஆல் வகுப்பது வழக்கம். வகுத்தால் கிலோவுக்கு 2.6 கிராம். 60 கிலோ ஆளுக்குத் தினமும் ஏறத்தாழ 155 கிராம் புரதம், மொத்தமும் வேயாகவே! ஒரு கரண்டிப் பொடியில் 20 முதல் 25 கிராம்தான் புரதம். ஆறு முதல் எட்டுக் கரண்டி வேண்டும். சாப்பாட்டுக்கு இடமே இருக்காது.

ஸ்டாடின் மாத்திரையை நிறுத்திவிட்டு வே எடுக்கலாமா?

கூடாது. மாத்திரையை மாற்றுவதோ குறைப்பதோ உங்கள் டாக்டர் எடுக்கவேண்டிய முடிவு.

பனீர் எடுத்த தண்ணீரைக் குடித்தால் போதுமா?

கீழே கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசைய, குழம்பில் ஊற்றப் பயன்படுத்துங்கள். நல்ல பழக்கம். ஆனால் அதில் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. பனீருக்குப் பாலைக் கொதிக்க வைக்கிறோம். 70 டிகிரிக்கு மேல் போகப் போகப் பீட்டா-லாக்டோகுளோபுலின் உருக்குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. எலுமிச்சை பிழிந்ததும் அதுவும் பனீருக்குள்ளேயே போய்விடுகிறது. அதனால் மிஞ்சும் நீரில் லிட்டருக்கு மூன்று நான்கு கிராம் புரதம்தான் இருக்கும். சீஸ் தொழிற்சாலையில் பாலை அவ்வளவு சூடாக்குவதில்லை. அங்கே கிடைக்கும் வே நீரில் புரதம் இதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். பனீர்த் தண்ணீரில் அதிகம் இருப்பது லாக்டோஸ். சர்க்கரை நோயாளிகள் டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டாம்.

கேசின்தான் ஏற்றுகிறது என்றால் தயிரையும் பனீரையும் விட்டுவிடவா?

வேண்டாம். கேசின் ஏற்றுவது முயலில் தெளிவாகத் தெரிந்தது. மனிதரில் அந்த அளவுக்கு இல்லை. கொலஸ்ட்ரால் கவலை உள்ளவர்கள் பால் பொருளில் பார்க்கவேண்டியது பாலின் கொழுப்பை. ஆடை நீக்கிய பாலில் உறைய வைத்த தயிர், மோர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

யார் வே பொடியைத் தொடக்கூடாது?

பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள். பீட்டா-லாக்டோகுளோபுலினே அந்த ஒவ்வாமையின் முக்கியக் காரணிகளில் ஒன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நெஃப்ராலஜிஸ்டிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். மற்றவர்களுக்கும் ஒன்று: ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடலை வளர்க்கப் புரதப் பொடி எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. நாளைக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது அவர்கள் கணக்கு. அதைப் பருப்பு, பால், முட்டை, மீனிலேயே எடுத்துவிடலாம்.

எங்கள் நாய்க்குக் கொலஸ்ட்ரால் அதிகம். வே கொடுக்கலாமா?

கொடுப்பதற்கு முன் ஏன் ஏறியது என்று கண்டுபிடியுங்கள். நாய்க்குக் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் தானாக ஏறுவதில்லை. தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை நோய், கார்டிசால் ஹார்மோன் மிகும் குஷிங் நோய், சிறுநீரில் புரதம் போவது என்று பின்னால் ஏதாவது இருக்கும். தைராய்டு குறைந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கும்; தைராய்டு மாத்திரை கொடுத்தால் அது இறங்கும். நோயை விட்டுவிட்டு எண்ணை மட்டும் துரத்தினால் நாய்தான் கஷ்டப்படும்.

ரத்தம் எடுக்கும் முன் 12 மணி நேரம் பட்டினி போட்டீர்களா? சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தைச் சுழற்றினால் மேலே நிற்கும் நீர் பால்போல் வெளுத்திருக்கும். அப்படி வெளுக்க வைப்பது டிரைகிளிசரைடு. கொலஸ்ட்ரால் மட்டும் ஏறியிருந்தால் நீர் தெளிவாகவே இருக்கும். மினியேச்சர் ஷ்னாசர் வகை நாய்களுக்குப் பரம்பரையாகவே டிரைகிளிசரைடு ஏறும், கணைய அழற்சியும் வரக்கூடும். அவற்றுக்குக் கால்நடை மருத்துவர் முதலில் சொல்வது கொழுப்புக் குறைந்த உணவு. வே புரதம் நாய்களில் கொழுப்புக்கான சிகிச்சையாக நிலைபெறவில்லை.

கவனிக்காதபோது நாய் பொடியைத் தின்றுவிட்டது. என்ன செய்வது?

சுவை சேர்க்காத வே என்றால் வயிற்றுப்போக்கு, வாயுத் தொல்லையோடு போய்விடும். சாக்லேட் சுவை என்றால் அதில் உள்ள கோகோ நாய்க்கு நஞ்சு. எவ்வளவு தின்றது என்பதைப் பொறுத்து ஆபத்து. எல்லாவற்றையும்விட மோசமானது சைலிட்டால் என்ற இனிப்பு. சில பொடிகளில் இது இருக்கும், லேபிளில் ஐ.என்.எஸ். 967 என்ற எண்ணாகவும் போட்டிருப்பார்கள். மனிதருக்கு இந்த ஆபத்து இல்லை. நாய்க்கோ அரை மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரை சரிந்து தள்ளாடத் தொடங்கலாம், கல்லீரலும் கெடலாம். சர்க்கரை சரியக் கிலோவுக்கு 0.1 கிராம் உள்ளே போனாலே போதும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன சேர்த்திருக்கிறார்கள், எத்தனை கிராம் காலியாகியிருக்கிறது என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.